புதுப்பிப்பு: அணையாத ஏர்பேக் விளக்கு, காரணம் கிடைத்தது

பழைய காரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தளர்ந்திருக்குமோ என்று சந்தேகித்த, இருக்கைக்கு அடியிலுள்ள ஏர்பேக் கம்பிகளின் மஞ்சள் இணைப்பான்கள் உறுதியாகவே இருந்தன. "ஹாரனும் விட்டுவிட்டு ஒலிக்கிறதா?" என்று ஒருவர் கேட்டாரே, அந்தக் கேள்விதான் வழிகாட்டியது. ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடாக் கம்பி அறுந்திருந்தது. ஹாரன், ஓட்டுநர் ஏர்பேக் இரண்டுக்கும் மின் இணைப்பு அதன் வழியாகத்தான் போகிறது. மெக்கானிக் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கைவைத்தார். நாமே முயலக்கூடாத வேலை இது. கம்பியை மாற்றி, காரின் கணினியில் பதிவாகியிருந்த பிழைக்குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது.

எதிர்பாராதது ஒன்று: அடிச்சட்ட எண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது, முன்பயணி ஏர்பேக்கின் வாயுக்கலன் (பையை ஊதி விரிக்கும் உலோகக் கலன்), குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்பப்பெறும் பட்டியலில் இருந்தது. அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட் பல்லாண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்தால், ஏர்பேக் விரியும்போது கலனே வெடித்து உலோகத் துண்டுகள் பாயலாம். இலவசமாக மாற்றித் தருகிறார்கள். அதுவரை அந்த இருக்கையில் யாரையும் உட்காரவிடுவதில்லை.