எஸ். ராமகிருஷ்ணன் என்று தேடினால் எல்லாரும் ஒரே ஆளாக வருகிறார்கள், அவசர உதவி தேவை

படிப்பகத் தம்பி
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் படிப்பகம் திறப்பு விழா, அதற்குள் முடித்தாக வேண்டும். எஸ். ராமகிருஷ்ணன் என்று தேடினால் யாமம், சஞ்சாரம், துணையெழுத்து, கம்பனும் மில்டனும், க்ரியா அகராதி எல்லாமே ஒரே ஆள் எழுதியதாக வருகிறது. ஒன்றில் பெயரைத் திருத்தினால் எல்லாவற்றிலும் மாறுகிறது. எப்படிப் பிரிப்பது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

லீலா நூலகர்
என்ன மென்பொருள் தம்பி? எக்செல் கோப்பா, கோஹா என்ற நூலக மென்பொருளா, வேறு ஏதாவதா? பதிவுகளை நீங்களே தட்டச்சு செய்தீர்களா, வேறு நூலகத்திலிருந்து இறக்கினீர்களா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

கரிசல் வாசகன்
மென்பொருள் எனக்குத் தெரியாது, ஆனால் ஆட்களைத் தெரியும். நீங்கள் சொன்ன ஐந்து புத்தகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

யாமம், சஞ்சாரம், துணையெழுத்து மூன்றும் எஸ்.ரா. விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு, 1966-இல் பிறந்தவர். சஞ்சாரத்துக்குத்தான் 2018-இல் சாகித்திய அகாதெமி விருது. நாதஸ்வரக்காரர்களைப் பற்றிய கதை, எங்கள் கரிசல் பக்கம்.

கம்பனும் மில்டனும் எழுதியவர் வேறு. எஸ்.ஆர்.கே. என்று அழைப்பார்கள், இடதுசாரி இயக்கத்துக்காரர், எஸ்.ராவுக்கு முந்தைய தலைமுறைத் திறனாய்வாளர். அட்டையில் அவர் பெயரும் எஸ். ராமகிருஷ்ணன்தான்.

அகராதி க்ரியா ராமகிருஷ்ணனுடையது. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கியவர், 2020 நவம்பரில் கொரோனாவில் போய்விட்டார். அகராதியின் மூன்றாம் பதிப்பு அதே ஆண்டில்தான் வந்தது.

யூனிகோட் பித்தன்
இது எழுத்துரு பிரச்சினை, நான் பந்தயம் கட்டுகிறேன். பழைய பாமினி எழுத்துருக் கோப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினீர்களா? மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். "எஸ்.ராமகிருஷ்ணன்", "எஸ். ராமகிருஷ்ணன்", "எஸ். இராமகிருஷ்ணன்" மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். எல்லாவற்றையும் ஒருமுறை சுத்தம் செய்து மறுபடி ஏற்றுங்கள்.

லீலா நூலகர்
பித்தன் தம்பி, நீங்கள் சொல்வது உண்மையான தொல்லைதான். ஆனால் அதில் ஒரு ஆள் மூன்றாக உடைவார். இங்கே மூன்று பேர் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். நோய் நேர் எதிர்.

யூனிகோட் பித்தன்
எதற்கும் பார்த்துவிடட்டுமே. சுத்தம் செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மார்க் மாமா
நூலக அறிவியல் முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம் இது. பெயர் ஆவணம் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனியாக வைக்கும் பெயர்ப் பதிவு, அத்தாரிட்டி என்போம். அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளாமல் புத்தகத்தை ஏற்றினால் இப்படித்தான் ஆகும். விதிகளை முதலில் படித்துவிட்டு, அப்புறம் படிப்பகம் திறக்கலாம். திறப்பு விழா எங்கேயும் ஓடிப்போகாது.

கரிசல் வாசகன்
மாமா, ஊர்ப் பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை அது. வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

படிப்பகத் தம்பி
கோஹா. பாதி தட்டச்சு, பாதி இறக்கியது. நேற்று வரை பெயர் மட்டும்தான் இருந்தது, இன்று காலையிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் "எஸ். ராமகிருஷ்ணன், 1966-" என்று வருகிறது. அகராதியிலும்.

லீலா நூலகர்
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் குழுவில் யாரோ நல்ல எண்ணத்தில் எஸ்.ராவின் பிறந்த ஆண்டைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் புத்தகப் பதிவில் சேர்க்காமல் பெயர் ஆவணத்தில் சேர்த்துவிட்டார்கள். கோஹாவில் பெயர் ஆவணத்தைத் திருத்தினால் அதோடு இணைந்த அத்தனை புத்தகமும் தானாக மாறும். இது பிழை இல்லை, அதன் வேலையே அதுதான். எத்தனை புத்தகம் அந்தப் பெயரில் இருக்கிறது? ஐம்பதுக்குள் என்றால் உடனே மாறும், தாண்டினால் இரவில் ஓடும் வேலைக்காகக் காத்திருக்கும். அமைப்பை நீங்கள் மாற்றாமல் இருந்தால் அந்த எல்லை 50.

ரிக்கார்டு பிளேயர்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வினாடிவினா நடத்துகிறவன், இந்தப் பெயர்த் தொல்லையில் வாழ்கிறவன். "அந்த நாள் படத்தை இயக்கியது யார்?" என்று கேட்டால் பாலசந்தர் என்று பாதிப் பேர் கை தூக்குவார்கள். எந்தப் பாலசந்தர் என்றால் கே.பி. என்பார்கள். அந்த நாள் 1954. கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம் நீர்க்குமிழி, 1965. அந்த நாள் எடுத்தவர் எஸ். பாலசந்தர், வீணை வாசிப்பாரே அவர்தான். அவ்வளவு பெரிய சங்கீதக்காரர் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார் என்றால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை.

நம் ஆட்கள் எப்போதோ இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: வீணை பாலசந்தர், க்ரியா ராமகிருஷ்ணன். முன்னால் ஒரு சொல், ஆள் பிரிந்துவிட்டார். அதையே போட்டுவிடுங்கள்.

மார்க் மாமா
தலைப்புப் பக்கத்தில் இல்லாததைத் தலைப்பாக வைப்பதா? வீணை என்பது பெயரா, கருவியா? நாளைக்கு "மிருதங்கம்" என்று தனி வரிசை கேட்பீர்கள்.

சரியான விலாசம்
இனிஷியலை விரித்து எழுதுங்கள், பிரச்சினை முடிந்தது. ஒவ்வொருவருக்கும் அப்பா பெயர் வேறுதானே.

ரிக்கார்டு பிளேயர்
எல்லா இனிஷியலும் அப்பா இல்லை ஐயா. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மதுரை சண்முகவடிவு, ஊரும் அம்மாவும். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு மான்கொம்பு சாம்பசிவன், ஊரும் அப்பாவும். விரிப்பதற்கு முன்னால் எதை விரிக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

சரியான விலாசம்
அதற்குத்தான் இணையம் இருக்கிறதே, தேடிப் பார்த்தால் வந்துவிடப் போகிறது.

கரிசல் வாசகன்
இணையத்தில் தேடியா? "பத்மஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன்" என்று தேடிப் பாருங்கள், அதிலேயே இரண்டு பேர். ஒருவர் ராக்கெட்காரர், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு இயக்குநராக இருந்தவர். இன்னொருவர் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கியவர். கடற்படை அதிகாரித் தேர்வில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாற்றுத்திறனாளிகளுக்காக அந்த நிறுவனத்தைக் கட்டியவர், விருது 2020-இல். முதலில் வருகிற பக்கத்தை நம்பி ஆண்டையும் அப்பா பெயரையும் எடுத்துப் போட்டால் கம்பனை ராக்கெட்டில் ஏற்றிவிடுவீர்கள்.

யூனிகோட் பித்தன்
ஆமாம், இணையத்தில் இருந்து நகல் எடுத்து ஒட்டினால் மறைந்த எழுத்துகளும் கூடவே வரும். நான் அப்போதே சொன்னேன்.

மார்க் மாமா
அகராதிக்கு வருவோம். பதிப்பாளரை ஆசிரியராகப் போட்டது யார்? 1992 முதல் பதிப்பின் தலைமை ஆசிரியர் பா. ரா. சுப்பிரமணியன். ராமகிருஷ்ணன் பதிப்பாளர், அவருக்கு வெளியீட்டு விவரத்தில் இடம் உண்டு, முதன்மை ஆசிரியருக்கான புலம் 100-இல் கிடையாது. இதுகூடத் தெரியாமல் ஆளைப் பிரிக்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

கரிசல் வாசகன்
பணம் போட்டு அச்சடித்ததோடு நின்றவரா அவர்? மூன்று பதிப்பு, கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்த அகராதியோடு கிடந்தவர். வெளியீட்டு விவரத்தில் ஒரு வரியோடு அனுப்பிவிடுவதா?

மார்க் மாமா
உழைப்புக்குப் புலம் எண் கிடையாது தம்பி. தலைப்புப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான்.

லீலா நூலகர்
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். தம்பி கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. 1992-ஆ, 2008-ஆ, 2020-ஆ? தம்பி, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே யார் பெயர் எந்தப் பொறுப்போடு இருக்கிறதோ அதை மற்றப் பங்களிப்பாளர்களுக்கான புலம் 700-இல் போடுங்கள். அகராதிக்கு 100 வேண்டாம், நூற்பெயரே முதன்மைப் பதிவு. இந்த அளவில் மாமா சொன்னது சரி.

இனி வழி. முதலில் அமைப்புகளில் லிங்கர்மாட்யூல் என்பதைப் பாருங்கள். "ஃபர்ஸ்ட் மேட்ச்" என்று இருந்தால், தானாக இணைக்கும் வசதியும் ஓடினால், பெயர் பொருந்தும் முதல் ஆவணத்தில் எல்லாவற்றையும் கோத்துவிடும். "டிஃபால்ட்" என்று மாற்றுங்கள், ஒன்றுக்கு மேல் பொருந்தினால் தொடாமல் விட்டுவிடும்.

அப்புறம் இப்போதுள்ள ஆவணத்தை அழிக்காதீர்கள். அதில் 1966 இருக்கிறது, அது எஸ்.ராவுக்கே இருக்கட்டும். மற்ற இருவருக்கும் புதிதாக ஒவ்வொரு பெயர் ஆவணம் திறங்கள். பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தால், அந்தப் பெயர்ப் புலத்துக்குள் ஆண்டுக்கான துணைப்புலம் டி-யில் போடுங்கள். தெரியாவிட்டால் ஊகித்துப் போட வேண்டாம், துணைப்புலம் சி-யில் "திறனாய்வாளர்", "பதிப்பாளர்" என்று அடையாளம் கொடுங்கள். ரிக்கார்டு சாரின் வீணையும் அங்கே உட்காரும், பெயருக்குப் பின்னால். எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதைப் பெயர் ஆவணத்தின் புலம் 670-இல் ஒரு வரி எழுதுங்கள், அடுத்து வருகிறவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

கடைசியாக, கம்பனும் மில்டனும் பதிவைத் திறந்து, 100-க்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தி, புதிய ஆவணத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், நினைவிலிருந்து செய்ய வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: ஆவணப் பட்டியலில் "மெர்ஜ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள், திரும்பி வர வழி கிடையாது.

மார்க் மாமா
நான் முதலில் சொன்னதைத்தான் நீட்டி எழுதியிருக்கிறீர்கள்.

ரிக்கார்டு பிளேயர்
நீங்கள் சொன்னது திறப்பு விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி.

சரியான விலாசம்
தம்பி என்ன ஆனார்? ஞாயிறு போய் புதன் வந்துவிட்டது.

படிப்பகத் தம்பி
நன்றி அக்கா. லிங்கர்தான். எஸ்.ஆர்.கே. தனியாக வந்துவிட்டார். எங்களிடம் இருப்பது 2008 அகராதி. முதல் சில பக்கங்களை முன்பே யாரோ கிழித்திருக்கிறார்கள், அதனால் இப்போதைக்கு நூற்பெயரில் மட்டும் வைத்திருக்கிறேன்.

கரிசல் வாசகன்
2008 பதிப்பு என் வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், மாமாவும் பார்க்கட்டும்.