மறு: ‘ஈட்டிய ஓட்டச் சராசரி’ – ஈட்டியது யார்?

வணக்கம் ஐயா,

பேஸ்பால் வீரர் ஷோஹே ஓதானியின் 2022 அட்டவணையைத் தமிழில் ஆக்கி அனுப்பியிருந்தீர்கள். 15 வெற்றி, 219 ஸ்ட்ரைக் அவுட் (எறிவாளர் தானே மட்டையாளரை வெளியேற்றியது) வரை தடையில்லாமல் படித்தேன். அடுத்த வரியில் ‘ஈட்டிய ஓட்டச் சராசரி 2.33’ என்றிருந்ததும் நின்றுவிட்டேன்.

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர் இதை எப்படிப் படிப்பார்? ஓட்டத்தை ஈட்டுவது மட்டையாளர். ஓதானி மட்டையும் பிடிப்பவர், அந்த ஆண்டு 34 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். அப்படிப்பட்டவரின் சராசரி வெறும் 2.33 தானா என்று கேட்பார். உண்மையில் அது அவர் எறிந்ததன் கணக்கு. 166 இன்னிங்ஸில் அவர் பெயரில் ஏறிய ஓட்டங்கள் 43. ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்பதால் அதை 9-ஆல் பெருக்கி 166-ஆல் வகுத்தால் 2.33. குறையக் குறையத்தான் பெருமை. நம் சொல்லோ கூடினால் நல்லது என்கிறது.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஏர்ன்டு ரன் ஆவரேஜ்’. அதில் ‘ஏர்ன்டு’ என்பது எதிரணியைக் குறித்துச் சொன்னது. களத்தடுப்புப் பிழையின் தயவில்லாமல் அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்த ஓட்டம் என்று பொருள். அதைத் தூக்கிவந்து எறிவாளர் பெயருக்குப் பக்கத்தில் வைத்தால் சம்பாதித்தவர் மாறிவிடுகிறார்.

இதற்கு நம் குழுவில் வந்த மற்ற இரண்டு சொற்களும் தேறாது. ‘பந்துவீச்சுச் சராசரி’ கிரிக்கெட்டில் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம் என்பதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. ‘விட்டுக்கொடுத்த ஓட்டம்’ என்றால் எல்லா ஓட்டமும் அதில் வந்துவிடும். இந்தக் கணக்கின் உயிரே எல்லாவற்றையும் சேர்க்காமலிருப்பதுதான்.

ஒரு காட்சி. இரண்டு பேர் அவுட். அடுத்தவர் அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்) கைக்கே உருண்டு வருகிறது. அவர் அதைத் தடவிக் கோட்டைவிடுகிறார். ஆள் முதல் பேஸில் நிற்கிறார். அதற்கடுத்தவர் ஹோம் ரன் அடிக்க, இருவரும் ஓடி முடிக்கிறார்கள். பலகையில் இரண்டு ஓட்டம் ஏறிவிட்டது, ஆனால் இரண்டுமே எறிவாளர் தலையில் விழாது. அந்தப் பந்தை ஒழுங்காக எடுத்திருந்தால் மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்குமே!

இன்னொன்று. முதல் எறிவாளர் ஒருவரை நாலு தவறான பந்தில் முதல் பேஸுக்கு நடக்கவிட்டு வெளியேறுகிறார். அடுத்து வந்தவர் ஹோம் ரன் கொடுக்கிறார். இங்கே ஆளுக்கொன்று. நடக்கவிட்டவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அவர் பெயரில் ஒன்று ஏறிவிடும்.

ஆக, யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் கேள்வி. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பற்று. கடைப் பேரேட்டில் பற்று எழுதுவார்களே, அதேதான். எனவே என் முன்மொழிவு பற்றோட்டம், பற்றோட்டச் சராசரி. அதிகாரபூர்வ ஸ்கோரர் உட்கார்ந்து இது களத்தடுப்பாளரின் பிழையா இல்லையா என்று முடிவுசெய்து எழுதுவதால், கணக்குப்பிள்ளை வாடையும் பொருத்தம்தான்.

சொல் சரியாக அமைந்தால் வாதமும் தெளியும். மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 2018-இல் 10 வெற்றி, 9 தோல்வி. இதை மட்டும் பார்ப்பவர் சுமாரான ஆள் என்பார். ஆனால் 217 இன்னிங்ஸுக்கு 41 பற்றோட்டம், சராசரி 1.70. அவருடைய பற்று அவ்வளவுதான். வரவு வைக்க வேண்டிய மட்டையாளர்கள் வைக்கவில்லை. சிறந்த எறிவாளருக்கான சை யங் விருது அவருக்கே போனது. ஓதானி அப்போது ஆடிய ஏஞ்சல்ஸ் அணியும் 2022-இல் 162 ஆட்டத்தில் 73 தான் வென்றது. நட்சத்திரம் சரியில்லை என்று திட்டுவதற்கு முன் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

எறிவாளர் கணக்கில் சேராத ஓட்டத்துக்கு எதிர்ச்சொல்லாகப் ‘பற்றற்ற ஓட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். காவி கட்டிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது. ‘பிழையோட்டம்’ என வைக்கலாமா?

——

அன்புடையீர்,

பற்றோட்டம் எனக்குச் சம்மதம். என் ‘ஈட்டிய’வைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் வினை.

பிழையோட்டம்தான் இடிக்கிறது. 2020 முதல், பருவ இறுதிச் சுற்றுகள் தவிர்த்த ஆட்டங்களில், கூடுதல் இன்னிங்ஸில் ஒவ்வொரு முறையும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை விதியே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் ஓடி முடித்தால் அந்த ஓட்டமும் எறிவாளர் கணக்கில் சேராது. அங்கே யார் செய்த பிழை? அப்புறம், பிழை என்றால் எறிவாளர் செய்த பிழை என்றும் படிப்பவர்கள் உண்டு.

——

ஐயா,

கூடுதல் இன்னிங்ஸை மறந்தே போனேன். நல்ல அடி.

அப்படியானால் பேரேட்டை விட்டு வெளியே போகாமல் ‘தள்ளுபடி ஓட்டம்’ என்போம். ஓட்டம் ஓட்டம்தான், அணியின் எண்ணிக்கையில் நிற்கும். எறிவாளர் பற்றில் மட்டும் தள்ளுபடி. பிழையால் வந்தாலும் விதியால் வந்தாலும் பொருந்தும். துணிக்கடை நினைவு வருகிறது என்று யாராவது சொல்லக்கூடும், சொல்லட்டும்.

‘மாற்று வீரரை விஞ்சிய வெற்றிகள்’, அதாவது எளிதில் கிடைக்கும் ஆளைவிட ஒரு வீரர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற கணக்கு, அதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘மாற்று வீரர்’ வேண்டாம், கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆள் வந்து நிற்பார். இங்கே சொல்வது கீழ்மட்ட லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு எப்போதும் கிடைக்கும் ஆளை. அப்படிப்பட்டவர்களை மட்டுமே வைத்து ஆடும் அணி 162-இல் ஏறக்குறைய 48 வெல்லும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. ‘இட்டுநிரப்பி’ என்று ஒரு சொல் மனதில் ஓடுகிறது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

இப்போதைக்கு அட்டவணையில் இரண்டு திருத்தம் மட்டும்: பற்றோட்டச் சராசரி, தள்ளுபடி ஓட்டம்.