பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' கேட்டவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 2024-இல் வந்த இந்த ஆல்பத்தால் வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. தங்கைக்கு உயிர். அண்ணனோ, "கன்ட்ரியா, ராப்பா? ஒரு முடிவுக்கு வரச் சொல்லு" என்கிறான் (கன்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புற இசை வகை). கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கியதைச் சொன்னாலும் மசியவில்லை. எனக்கு 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டில் ரியானன் கிடன்ஸ் வாசிக்கும் பான்ஜோ (கிட்டார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்) ரொம்பப் பிடித்தது. 'டாட்டர்' நடுவே திடீரென்று 'காரோ மியோ பென்' என்ற பழைய இத்தாலியப் பாட்டு எழும்போது சிலிர்க்கிறது. ஆனால் 27 டிராக் கொஞ்சம் இழுவைதான்.

அமெரிக்க கன்ட்ரி இசையில் கறுப்பினக் கலைஞர்களை எனக்கு அதிகம் தெரியாது. சார்லி பிரைட் மட்டும் கேட்டிருக்கிறேன். இந்த ஆல்பத்தில் குரல் கொடுத்த கறுப்பினப் பாடகி லிண்டா மார்ட்டெல்லை எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்? அப்புறம், அண்ணனுக்குப் போட்டுக்காட்ட நாலைந்து பழைய பாடல்கள் சொல்லுங்களேன்.