திரும்பத் திரும்ப வரும் கட்டி: எம்.ஆர்.எஸ்.ஏ. என்று தெரிந்தபின் என்ன செய்வது?

செம்பூர்வாசி:
கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தொடையிலும் அக்குளிலும் சீழ்க்கட்டிகள் மாறி மாறி வருகின்றன. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் (பென்சிலின் வகை மாத்திரை) சாப்பிட்டதும் ஒன்று உடைந்து ஆறியது. அடுத்த வாரமே வேறிடத்தில் இன்னொன்று கிளம்பியது. சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பியதில் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி, என்று வந்திருக்கிறது. இப்போது என் கணவருக்கும் இடுப்பில் ஒன்று தோன்றியுள்ளது. மருத்துவமனைப் பக்கமே போகாத எங்களுக்கு இது எப்படி வந்தது? இதைவிட வீரியமான மருந்தைக் கேட்டு வாங்கலாமா?

தோல் மருத்துவர், மாட்டுங்கா:
1961இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தக் கிருமி, நெடுங்காலம் மருத்துவமனைகளுக்குள்தான் அதிகம் காணப்பட்டது. 1990களுக்குப் பின் வீடுகளிலும் விடுதிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பரவத் தொடங்கியது. அதன் செல்சுவரைக் கட்டும் புரதம் மாறிவிட்டதால் பென்சிலின் வகைகளும் பெரும்பாலான செஃபலோஸ்போரின்களும் அதில் ஒட்டாது. உங்கள் மகனின் கட்டி ஆறியதற்கு மாத்திரையைவிடச் சீழ் வெளியேறியதே காரணமாக இருக்கும். பழுத்த கட்டியைக் கீறிச் சீழை எடுப்பதுதான் முதல் வைத்தியம். வீட்டில் பிதுக்கக் கூடாது. மாத்திரை தேவைப்பட்டால், ரிப்போர்ட்டைப் பார்த்து கோ-ட்ரைமாக்ஸசோல், டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ரிப்போர்ட்டில் கிருமி எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு காட்டி, கிளிண்டாமைசினுக்கு அடங்கும் என்று இருந்தால், கிளிண்டாமைசின் தருவதற்குமுன் டி-டெஸ்ட் (அதற்கும் மறைவான எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை) செய்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பாதி வைத்தியத்தில் மருந்து கைவிட்டுவிடலாம். லினெசோலிட் போன்ற, கடைசிக் கட்டத்துக்கு வைத்திருக்க வேண்டிய வீரிய மருந்து எடுத்த எடுப்பில் வேண்டாம்.

தாராவி வாசகர்:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கட்டி ஆறியதும், மருத்துவர் சொன்னபடி வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வாரத்தில் கிருமி தங்கும் மூக்கினுள் முபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பைத் தினம் இருமுறை தடவி, 4% குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் குளித்தோம். மழைக்காலத்தில் குளியலறைக் கொடியில் ஈரமாகவே தொங்கிய பொதுத் துண்டுதான் எங்கள் சந்தேகம். இப்போது ஆளுக்கொரு துண்டு, தனித்தனி ஷேவிங் ரேசர். துண்டுகளை வெந்நீரில் துவைத்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டு உலர்த்துகிறோம்.

தோல் மருத்துவர், மாட்டுங்கா:
அவர் சொன்னது சரி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்து 2012இல் வெளியான ஆய்விலும், இந்தக் களிம்பையும் குளியலையும் நோயாளிக்கு மட்டும் செய்ததைவிடக் குடும்பம் முழுவதும் செய்தபோது கட்டிகள் குறைந்தன; ஆனாலும் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். முபிரோசினை மாதக்கணக்கில் தடவினால் அதற்கும் எதிர்ப்பு உண்டாகும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதுவும் வேண்டாம். அம்மா, உங்கள் கணவருக்குச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, மூக்கு அல்லது கண்ணருகே கட்டி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.