ரிமோட் மாடல் விமானத்தோட 46 க்ளோ இன்ஜின் மேல ஏறும்போது மட்டும் நின்னுடுது, நீடில் பிரச்சனையா?

சூரமங்கலம் ஃப்ளையர்:
வணக்கம் அண்ணா எல்லாருக்கும். ஹை விங் ட்ரெய்னர்ல (றெக்கை மேல இருக்கிற, பழகுறதுக்கான மாடல் விமானம்) 46 சைஸ் (7.5 சிசி) டூ ஸ்ட்ரோக் போட்டிருக்கேன், ப்ராப் (முன்னாடி சுத்துற விசிறி) 11க்கு 6, ஃப்யூயல்ல நைட்ரோ 10 சதவீதம், மப்ளர்ல இருந்து அழுத்தம் தர்ற பிரஷர் லைன் டேங்குக்கு போகுது. டேங்க் ஃபுல்லா இருக்கிற வரைக்கும் ராஜா மாதிரி ஓடுது, பாதி காலியானதும் மூக்கைத் தூக்கி ஏத்தினா சத்தம் கீச்சுன்னு மெலிஞ்சு பொசுக்குன்னு நின்னுடுது, நேரா பறந்தா ஒண்ணும் ஆகல. நீடிலை (ஃப்யூயல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசி வால்வ்) கொஞ்சம் திறந்து விட்டா தரையில கொழகொழன்னு ஓடுது. இதுல குழப்பம் என்னன்னா ஏற்காடு நாகலூர் பக்கம் கொண்டு போனப்போ அதே செட்டிங்ல ஒரே புகை, ஃபுல் த்ராட்டில்லயும் வேகமே எடுக்கல, ஆனா ஏறும்போது நிக்கல. நீடில் வால்வ் மாத்திடலாமா?

அம்மாபேட்டை பிஸ்டன்:
தம்பி நீடில்ல கை வைக்காத. ஃபுல் டேங்க்ல நல்லா ஓடி பாதியில கெட்டுப்போகுதுன்னா எரிபொருள் வர்ற வழியில காத்து புகுதுன்னு அர்த்தம். டேங்க் உள்ள க்ளங்க் (ஃப்யூயல் போற பக்கமே நகர்ற எடைக்குண்டு) மாட்டின சிலிக்கான் ட்யூப் இருக்குல்ல, அது பித்தளை குழாய்ல ஏறுற இடத்துல குழாய் விளிம்பு அறுத்து ஊசி ஓட்டை விழும். ஃபுல்லா இருக்கும்போது அந்த ஓட்டையும் முங்கி இருக்கும் அதனால தெரியாது. பாதியானப்புறம் மூக்கு தூக்கினா ஃப்யூயல் எல்லாம் பின்னாடி ஓடிடும், முன்னாடி இருக்கிற ஓட்டை வெளிய வந்துடும், அப்புறம் பாதி ஃப்யூயல் பாதி காத்துதான் இன்ஜினுக்கு. டேங்கை மட்டும் தண்ணில முக்கி ஊதிப் பாத்தா இது மாட்டாது, ட்யூபை தனியா எடுத்து ஒரு முனையை அடைச்சு தண்ணிக்குள்ள ஊதிப்பாரு. பித்தளை முனையை நைஸ் சேண்ட்பேப்பர்ல தேச்சு விடு.

ஆத்தூர் விமானம்:
ஏற்காடு மேட்டர் வேற கதை ப்ரோ. சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1500. மேல சுமார் பத்து சதவீதம் காத்து கம்மி, நீடில் அதே அளவு ஃப்யூயலைத்தான் விடுது, அதான் ரிச் (காத்துக்கு ஃப்யூயல் அதிகம்) ஆகி புகை. அந்த ரிச்சுதான் ஓட்டையோட குறையை மறைச்சிருக்கு. மலைக்கு போனா நீடிலை கொஞ்சம் மூடணும், திரும்ப கீழ வந்ததும் மறக்காம திறக்கணும், இல்லன்னா லீனா (ஃப்யூயல் கம்மியா) ஓடி சூடாகி பிஸ்டன் காலி. பவர் எப்படியும் குறையும், அதுக்கு நீடிலை திட்டி பிரயோஜனம் இல்ல. க்ளோ ஃப்யூயல்ல இருக்கிற மெத்தனால் ஈரத்தை இழுக்கும், ஏற்காடு பனில கேனை திறந்து வெச்சுட்டு டீ குடிக்க போயிடாதீங்க.

சூரமங்கலம் ஃப்ளையர்:
அண்ணா சொன்னது அப்படியே! பித்தளை முனை இருக்கிற இடத்துல ட்யூப்ல நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு, சும்மா பாத்தா தெரியல, வளைச்சா வாய் பிளக்குது. இப்போ நீடிலை எங்க இருந்து ஆரம்பிக்கிறது? டேங்க் உயரமும் சொல்லுங்க.

அம்மாபேட்டை பிஸ்டன்:
டேங்கோட நடுக்கோடு கார்புரேட்டர் நீடில் மட்டத்துலயோ, அதுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழ வரைக்குமோ இருக்கலாம், சுத்தி ஸ்பாஞ்ச் வெச்சுரு, அதிர்வுல ஃப்யூயல் நுரை கட்டினா அதுவும் இதே வேலையைத்தான் காட்டும். நீடில் ரெண்டரை சுத்து திறந்து ஸ்டார்ட் பண்ணு, ஃபுல் த்ராட்டில்ல மெல்ல மூடிட்டே வா, வேகம் உச்சத்துக்கு போனதும் அங்கேயே விட்டுடாத, சத்தம் லேசா இறங்குற வரை திருப்பித் திற. பின்னாடி வெள்ளைப் புகைக் கோடு தெரியணும். அப்புறம் ஒருத்தரை நல்லா புடிச்சுக்க சொல்லி மூக்கை வானத்துக்கு தூக்கிப் பாரு. வேகம் கொஞ்சம் ஏறினா சரி, தொங்கினா இன்னும் ரெண்டு கிளிக் திற. நீடிலை ப்ராப்புக்கு பின்னாடி நின்னுதான் திருப்பணும், முன்னாடி இருந்து கையை நீட்டறவங்களை இப்பவும் பாக்கிறேன், பயமா இருக்கு.

ஆத்தூர் விமானம்:
ஐடில் (த்ராட்டில் குறைச்ச மெதுவான ஓட்டம்) ஸ்க்ரூவை திருப்புறது அதுக்கப்புறம். ஐடில்ல ஃப்யூயல் ட்யூபை கிள்ளிப் பிடி, உடனே செத்தா லீன், வேகம் நல்லா ஏறி ரொம்ப நேரம் ஓடினா ரிச், லேசா ஏறி நின்னா கரெக்ட். இன்னொன்னு, ஃப்யூயல்ல எண்ணெய் கம்மியா இருக்குன்னு நாட்டு மருந்து கடை விளக்கெண்ணெயை ஊத்திடாதீங்க, பிசின் நீக்கின எண்ணெய்தான் வேணும்.

சூரமங்கலம் ஃப்ளையர்:
புது ட்யூபுக்கு பெட்ரோல் மாடல் பசங்க வெச்சிருக்கிற மஞ்ச ட்யூப் ஓகேவா?

அம்மாபேட்டை பிஸ்டன்:
வேண்டாம்ப்பா, அது க்ளோ ஃப்யூயல்ல விறைச்சு போயிடும், க்ளங்க் அசையாம நின்னுடும். க்ளோவுக்கான சிலிக்கான்னு கேட்டு வாங்கு, க்ளங்க் டேங்க் பின்சுவத்தை தொடாத அளவுக்கு வெட்டிக்க.