இங்கிலாந்து பீர் ஒன்று, வாயெல்லாம் கசப்பு: கெட்டுப்போனதா, இல்லை ருசியே இப்படியா?

சிப்புட்_செம்பனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகன் லண்டனில் வேலை செய்கிறான். போன மாதம் லீவில் வந்தபோது துணிக்குள் சுற்றி மூன்று பாட்டில் ஃபுல்லர்ஸ் இ.எஸ்.பி. (எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்) பீர் கொண்டுவந்தான். அரை லிட்டர் பாட்டில், லேபிளில் 5.9 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. "மாமா, இது அங்கே பேர் போனது, அவசரப்படாமல் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் நம்ம ஊர் வழக்கப்படி ஒரு ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் பெரிய கிளாசில் நாலு ஐஸ் கட்டி போட்டு ஊற்றினேன். தொட்டுக்கொள்ள வீட்டில் பொரித்த காரக் கோழி. நுரை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, காஸ் கம்மி, வாசனை என்று ஒன்றும் இல்லை. நாக்கின் பின்பக்கம் பாகற்காய்ச் சாறு குடித்த மாதிரி கசப்பு, அது மட்டும்தான் தெரிந்தது. பாதிக்கு மேல் முடியவில்லை, கொட்டிவிட்டேன். இப்போது அவன் எப்படி இருந்தது என்று வாட்சாப்பில் கேட்கிறான், பிள்ளை அவ்வளவு தூரம் சுமந்து வந்ததைக் குறை சொல்லவும் மனசில்லை, பொய் சொல்லவும் மனசில்லை.

இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. சனிக்கிழமை கூட்டாளிகள் இரண்டு பேர் வருகிறார்கள். பாட்டில் கெட்டுப்போயிருக்குமா? இந்த மாதிரி கசப்பு பீரை நல்லது, சுமார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_லயத்துக்காரன் எழுதியது:

தம்பி, பாட்டில் கெடவில்லை. ஐஸ்தான் கெடுத்தது.

நான் 1970களில் நர்சிங் படிக்க இங்கிலாந்து போய் எட்டு வருஷம் இருந்தவன். இ.எஸ்.பி. 1971இல் வந்தது. லண்டனில் தேம்ஸ் ஓரம் சிசிக் என்ற இடத்தில் அந்த ஆலை. பிரிட்டனின் சிறந்த பீர் என்ற பட்டத்தை 1978, 1981, 1985 என்று மூன்று தடவை வாங்கியது. அங்கே கடையின் கீழே நிலவறையில் பீப்பாய் இருக்கும், கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள், 11லிருந்து 13 டிகிரிக்குள் இருக்கும். முதல் தடவை எனக்கும் உன் கதைதான், இது என்ன ஆறிப்போன தண்ணி என்று நினைத்தேன். ஒரு மாதம் போனதும் சில்லென்ற பீர்தான் ஒன்றும் இல்லாத மாதிரி தெரிந்தது.

குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனை மேலே எழும்பாது. பழ வாசனையும், மால்ட் என்கிற முளைவிட்ட பார்லியின் இனிப்பும் அடங்கிவிட்டால் மிச்சம் நிற்பது கசப்புதான். அதன் மேல் ஐஸ் கரைந்து தண்ணீரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். காஸ் கம்மியாக இருப்பதும் பழுது இல்லை, அந்த ஊர் ஏல் என்ற பீர் வகையே அப்படித்தான், நம்ம டின் பீர் மாதிரி தொண்டையைக் குத்தாது.

தோட்டத்தில் எங்கப்பா காலத்துப் பெரியவர்கள் கள்ளை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? காலையில் இறக்கியதா, மத்தியானம் தாண்டியதா என்று மூக்கிலேயே சொல்லிவிடுவார்கள். இனிப்பு எவ்வளவு போயிருக்கிறது, புளிப்பு எங்கே ஏறியிருக்கிறது, எல்லாம் மூக்கு சொல்லும். குடிப்பது அதற்கு அப்புறம்தான். அதே மூக்கை இதற்கும் வை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் மேசை மேல் விட்டுவிட்டு ஊற்று. ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம்.

---

கோல்டிங்ஸ்_தங்கச்சி எழுதியது:

அண்ணே, எங்கப்பா ஊரும் சிப்புட் பக்கம்தான், பால்மரத் தோட்டம், இப்போது முழுக்க செம்பனை. நான் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன், பீர் மதிப்பிட முறையாகப் படித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் பீர் செய்பவர்களின் போட்டிகளில் பி.ஜே.சி.பி. என்ற, பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைக்கும் அமைப்பின் தாளில்தான் பெரும்பாலும் மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 50. அதில் ருசிக்கு 20, வாசனைக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3, வாயில் எப்படி உட்காருகிறது என்பதற்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. வாசனையை ஐஸில் மூழ்கடித்தால் அந்த 12 முதலிலேயே போச்சு, ருசியிலும் பாதி போச்சு, ஏனென்றால் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு வேலை.

முதலில் கிளாஸ். பாத்திரம் கழுவும் சோப்பு ஒட்டியிருந்தாலோ எண்ணெய்ப் பசை இருந்தாலோ நுரை நிற்காது. உங்கள் நுரை ஓடிப்போனதற்கு அந்தக் கோழி எண்ணெய் உதட்டில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். கிளாசைச் சாய்த்துப் பாதி ஊற்றி, அப்புறம் நிமிர்த்தி ஊற்றினால் இரண்டு விரல் நுரை வரும். அது மெல்ல இறங்கும்போது கிளாஸ் சுவரில் வலை பின்னிய மாதிரி ஒட்டிக்கொண்டே வரும், அதைப் பாருங்கள், அழகாக இருக்கும்.

ஊற்றிய உடனே முகருங்கள், ஏனென்றால் சில வாசனைகள் ஒரு நிமிஷத்தில் பறந்துவிடும். கிளாசை உள்ளங்கையால் மூடி ஒரு சுற்று சுற்றி, கையை எடுத்துச் சின்னதாக இரண்டு மூச்சு. மார்மலேட் பாட்டில் மூடியைத் திறந்தால் வரும் அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை இந்த பீரில் வரவேண்டும். அதன் அடியில் பிஸ்கட், குலா மெலாக்கா வெல்லம் காய்ச்சும்போது வருகிற மாதிரி ஒரு கருகிய இனிப்பு. கோல்டிங்ஸ், சேலஞ்சர், டார்கெட், நார்த்டவுன் என்று, பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவில் இங்கிலாந்து வகைகள்தான் இதில் போடுகிறார்கள். அமெரிக்க ஹாப்ஸ் போல பம்ளிமாஸ், பைன் மரம் என்று மூக்கில் அறையாது. மண், காய்ந்த பூ, தேன் என்று அடக்கமாக வரும், அதனால்தான் குளிரில் தொலைந்துபோகிறது.

கசப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஹாப்ஸை, மால்ட் சாறு கொதிக்க ஆரம்பிக்கும்போதே போட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிவிடும். கடைசியில் போட்டால் வாசனை நிற்கும், ரசத்தை இறக்கும் நேரத்தில் கொத்தமல்லி தூவுகிறோமே, அதே கணக்கு. ஆக இந்த வகையில் கசப்பு இருப்பது குறை அல்ல, இல்லாவிட்டால்தான் குறை. நீங்கள் பார்க்கவேண்டியது கசப்பு தனியாக நிற்கிறதா, இனிப்போடு சேர்ந்து வருகிறதா, விழுங்கிய பிறகு எப்படிப் போகிறது என்பதைத்தான். ஒன்று முக்கியம், கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. தமிழில் நமக்கு இரண்டுக்கும் தனிச் சொல் இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. பாகற்காய் கசக்கும், பாக்கு துவர்க்கும். விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்பக்கம் பாக்கு மென்ற மாதிரி வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு, அதற்கு மதிப்பெண் குறைக்கலாம். கசப்பு சுத்தமாக நின்று, இன்னொரு வாய் குடிக்கச் சொன்னால் அது தேர்ந்த கை.

நிஜமாகவே பழுதான பாட்டில் எப்படி இருக்கும் என்றால், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும், அது சூட்டிலும் காலத்திலும் பழசானது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸிலிருந்து ஒரு நாற்றம் வரும், மரநாய் வந்துபோன இடம் மாதிரி. பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. வெண்ணெய் வாசனை லேசாக வந்தால் இங்கிலாந்து ஏலில் மன்னிப்பார்கள், வாயில் வழுக்குகிற அளவுக்கு வந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காரம், சம்பல் எல்லாம் கடைசியில் வையுங்கள். முதலில் உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். மூன்று பேரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள். ஒருவர் "ஆரஞ்சு" என்று வாய் திறந்துவிட்டால் மற்ற இருவருக்கும் ஆரஞ்சுதான் வரும்.

---

புந்தோங்_கச்சான் எழுதியது:

இது இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பக் கண்டுபிடித்த ஐ.பி.ஏ. (இண்டியா பேல் ஏல்) வகைதானே? வழியில் கெடாமல் இருக்கத்தான் கசப்பை ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்புறம், புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கி வையுங்கள், காரம் போடாத கடலையும் ஓமப்பொடியும். உப்பு கொஞ்சம் இருந்தால் கசப்பு அடங்கும்.

---

கோல்டிங்ஸ்_தங்கச்சி எழுதியது:

இல்லை, இது பிட்டர் என்ற இங்கிலாந்து ஏல் வகை, அதில் கனமானது. ஐ.பி.ஏ. இதற்கு நெருங்கிய சொந்தம். அந்தக் கதையும் பாதிதான் சரி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்சன் ஆலையிலிருந்து கப்பல் கேப்டன்கள் இந்தியாவுக்கு பீர் கொண்டுபோனார்கள், 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் அந்தச் சந்தைக்குள் வந்தன. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் ஹாப்ஸ் கசப்பு கூர்மையாக, சுத்தமாக நின்றது. ஆனால் வெயில் ஊர்களுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் கூட்டுவது அதற்கு முன்பே இருந்த பழக்கம், போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் கப்பலேறி இந்தியா போய்க்கொண்டுதான் இருந்தது. ஒருத்தர் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

கச்சான் பூத்தே நல்ல யோசனை. ஆனால் குறிப்பு எழுதி முடித்த பிறகு.

---

பழைய_லயத்துக்காரன் எழுதியது:

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அரை லிட்டரில் 5.9 என்றால் சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 30 மில்லி. 5 விழுக்காட்டு பீர் 320 மில்லி டின்னில் 16தான். ஒரு பாட்டில் ஏறக்குறைய இரண்டு டின். 2020இல் நம்ம நாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்றிருந்த அளவை 50க்கு இறக்கிவிட்டார்கள். கூட்டாளிகள் மோட்டாரில் வந்தால் சாவியை வாங்கி உள்ளே வைத்துவிடு, தம்பி. ராத்திரியில் தோட்டத்துப் பாதையில் லைட்டும் கிடையாது, செம்பனை லோரியும் வரும்.

---

சிப்புட்_செம்பனை எழுதியது:

அண்ணன், தங்கச்சி, எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டுக் குடித்தோம். கிளாசை அலசிக் கவிழ்த்து வைத்தேன், பாட்டிலை இருபது நிமிஷம் வெளியே விட்டேன்.

நிறம் முதலிலேயே வேறு மாதிரி தெரிந்தது, போன தடவை ஐஸில் பார்க்கவே இல்லை. கட்டித் தேயிலையை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி செம்பு நிறம். கையை மூடி எடுத்து முகர்ந்ததும் ஆரஞ்சுத் தோல் வந்தது, நிஜமாக வந்தது. நான் தாளில் "மார்மலேட், மேரி பிஸ்கட்" என்று எழுதினேன். ஒரு கூட்டாளி "காய்ந்த திராட்சை" என்று எழுதியிருந்தான், இன்னொருவன் "வைக்கோல், தேன்". தாளை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி முகர்ந்தால் மூன்றும் இருந்தது. முதல் வாயில் இனிப்பு, நடுவில் கசப்பு ஏறுகிறது, விழுங்கிய பிறகு அது நாக்கின் பின்பக்கம் நின்று மெதுவாகப் போகிறது. துவர்ப்பு இருக்கிறதா என்று மூன்று பேரும் கன்னத்தை நாக்கால் தடவிப் பார்த்தோம், இல்லை. கிளாசில் கடைசி இரண்டு வாய் நன்றாகச் சூடேறிப்போயிருந்தது, அதில்தான் எனக்கு அந்தக் குலா மெலாக்கா வாசனை பிடிபட்டது.

50க்கு நான் 41 போட்டேன், திராட்சைக்காரன் 38, வைக்கோல்காரன் 33. கசப்பு அவனுக்கு இன்னும் அதிகம்தானாம், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. மூன்று தாளையும் படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பிவிட்டேன், முதல் பாட்டிலை ஐஸ் போட்டுக் கெடுத்ததையும் சேர்த்து எழுதினேன்.

மூன்றாவது பாட்டிலைத் தீபாவளிக்கு வைக்கலாம் என்று நினைக்கிறேன், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. லேபிள் தேதி அதற்குள் முடியாது. எங்கள் வீட்டில் ஏர்கோன் கிடையாது, மத்தியானத்தில் அலமாரிக்குள்ளே கையை விட்டாலே சூடு தெரியும். தங்கச்சி, ஐஸ் பெட்டியிலேயே நாலு மாதம் கிடந்தால் பரவாயில்லையா?

---

கோல்டிங்ஸ்_தங்கச்சி எழுதியது:

பரவாயில்லை அண்ணே, ஐஸ் பெட்டியேதான் நல்லது. நின்ற வாக்கில் வையுங்கள், கதவில் வேண்டாம், அங்கே ஆட்டமும் சூடும் அதிகம், உள்ளே பின்பக்கம் வையுங்கள். ஹாப்ஸ் வாசனை கொஞ்சம் இறங்கியிருக்கும், மால்ட் இனிப்பு முன்னே வந்திருக்கும். சனிக்கிழமை எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்து பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு வைக்கோல்காரரையும் கூப்பிடுங்கள்.