வீணை பதிவுக்கு ஃபேன் சத்தமில்லாத கம்ப்யூட்டர், பத்து வருஷம் உழைக்கணும்

குடமுருட்டிக்கரை (திருவையாறு):
வணக்கம். அத்தைக்கு 74 வயசு. அவங்க பாடாந்தரம், அதாவது குருகிட்ட கத்துக்கிட்ட வாசிப்பு முறை, அவங்களோட போயிடக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்றேன். மைக் வீணைக் குடத்துலேர்ந்து ஒன்றரை அடி, லேப்டாப் நாலு அடி. வாசிக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. கடைசி ஷட்ஜத்தை மீட்டிட்டுக் கையை எடுத்ததும் நாதம் தேய்ஞ்சுக்கிட்டே போகும் பாருங்க, அங்கதான் உஸ்ஸ்னு ஃபேன் வந்து உட்கார்ந்துக்குது. சாஃப்ட்வேர்ல இரைச்சலை எடுத்தா நாதத்தோட வாலும் சேர்ந்து அறுந்துடுது.

பழைய ஓட்டு வீடு. பதிவு நேரத்துல சீலிங் ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. வைகாசியில கூடத்துல 36 டிகிரி நிக்கும். 24 பிட் ஆடியோ, கொஞ்சம் 4கே வீடியோ எடிட்டிங், அவ்வளவுதான் வேலை. கேம் எல்லாம் இல்லை. மானிட்டர் இருக்கு. மிச்சத்துக்கு ஒன்றரை லட்சம் வச்சிருக்கேன். கடையில கேட்டா தண்ணி கூலிங், கண்ணாடிப் பெட்டி, கலர் லைட்டுன்னு தெப்பத் திருவிழாவுக்கு எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க.

இன்னொண்ணு. ஹெட்போன்ல அடியில ம்ம்ம்னு ஒரு ரீங்காரம். அத்தை கேட்டுட்டு, "யாரு அது, நாம நாலு கட்டையில வாசிக்கிறப்போ அஞ்சு கட்டையில தம்புரா போடறது?"ங்கிறாங்க.

மன்னை வயர்மேன்:
அத்தை காதுக்கு ஒரு கும்பிடு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட இரட்டிப்பு 100. அஞ்சு கட்டை சுருதியோட ஷட்ஜம் கீழ் ஸ்தாயியில 98 ஹெர்ட்ஸ். ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். அவங்க சொன்னது அப்படியே சரி.

புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் இது போகாது. முதல்ல சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஒரு நிமிஷம் பதிவு பண்ணிப் பாருங்க. ரீங்காரம் நின்னா எர்த்தைப் பாருங்க. லேப்டாப் தகட்டுல விரல் வச்சா சுருக்குனு இழுக்குதா? உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி கோடையில காஞ்சு கிடக்கும்.

கூலர் கிட்டு (கும்பகோணம்):
இந்த வேலைக்குக் கடைக்காரர் சொன்ன தண்ணி கூலிங் வேண்டாம். அதுல பம்ப் எப்பவும் ஓடும், அதுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஆறேழு வருஷத்துல பம்ப் போனா மொத்தத்தையும் தூக்கிப் போடணும். ஏர் கூலர்ல கெட்டுப்போறது ஃபேன் மட்டும்தான். கம்பிக் கிளிப்பைக் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம்.

ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். அதனால 140 மில்லிமீட்டர் ஃபேனா வாங்கி 500, 600 சுத்துல நிறுத்துங்க. பிராசசர் ரைசன் 7 9700எக்ஸ் போதும், 65 வாட் ரகம், சூடு கம்மி. அது உட்கார்ற ஏஎம்5 சாக்கெட் 2022-ல வந்தது. அஞ்சாறு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்திக்கவும் வழி இருக்கும். ராம் 32 ஜிபி ரெண்டு குச்சி. நாலு குச்சி போட்டா இந்த டிடிஆர்5 ரக ராமோட வேகம் இறங்கிடும். வீடியோவுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினா, வேலை இல்லாதப்போ ஃபேன் நின்னுடுற மாடலா பாருங்க. பதிவு நேரத்துல அதுக்கு வேலையே இருக்காது. ஹார்டு டிஸ்க்கைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, கரகரன்னு அதுவும் கச்சேரி பண்ணும்.

வெளிநாட்டுக்காரங்க யூடியூப்ல காட்டுற டெம்பரேச்சரை நம்பிடாதீங்க. அவங்க ரூம் 21 டிகிரி, உங்க கூடம் 36. அந்த 15-ஐ அப்படியே மேல கூட்டிக்கணும். கூலரை ஒரு சைஸ் பெரிசாவே எடுங்க. யுபிஎஸ் வாங்கினா ப்யூர் சைன் வேவ், அதாவது மெயின் கரண்ட் மாதிரியே சீரான அலை குடுக்கிற ரகம்.

நாகை உப்புக்காத்து:
நான் வேற மாதிரி சொல்றேன். கூடத்துல கம்ப்யூட்டர் எதுக்கு? சுவத்துல ஒரு துளை போட்டுப் பெட்டியைப் பக்கத்து ரூமுக்குத் தள்ளுங்க. மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு யுஎஸ்பி கேபிள் அஞ்சு மீட்டர் வரை தாங்கும். கிட்டு அண்ணன் சொன்ன கூலருக்குப் பாதி விலை போதும், மிச்சக் காசுல பேக்கப்புக்கு ரெண்டு டிஸ்க் வாங்குங்க. ஒரு மணி நேரம் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஏறத்தாழ 1 ஜிபிதான். ஒரு டிஸ்க் வீட்டுல, ஒண்ணு சொந்தக்காரங்க வீட்டுல. கஜா புயலப்போ எங்க வீட்டுல தண்ணி புகுந்து டிஸ்க்கோட எங்க தாத்தா குரலும் போச்சு. அதான் சொல்றேன்.

குடமுருட்டிக்கரை:
பக்கத்து ரூம்ல நெல் மூட்டை அடுக்கியிருக்கு. சுணை, போதாக்குறைக்கு எலி.

நாகை உப்புக்காத்து:
அப்போ கேபிளை ஜிஐ பைப்புக்குள்ள விடுங்க. பெட்டி தரையில வேண்டாம், ஸ்டூல் மேல. பின்பக்க ஓட்டைக்கெல்லாம் கம்பி வலை. என் பழைய பெட்டியைத் திறந்தப்போ கரண்ட் சப்ளை பண்ற எஸ்எம்பிஎஸ் மேல வைக்கோலும் பஞ்சுமா மெத்தை போட்டு நாலு குட்டி தூங்கிட்டு இருந்துச்சு. வயர் எதுவும் பாக்கி இல்லை. காத்து உள்ள போற பக்கம் ஃபில்டர் போட்டு, அறுப்புக் காலத்துல வாரம் ஒரு தடவை தட்டுங்க.

குடமுருட்டிக்கரை:
சார்ஜரைப் பிடுங்கினேன், தம்புரா நின்னுடுச்சு. சுருக்குனு இழுக்கிறதும் நிஜம். குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்தினதுக்கே பாதி குறைஞ்சிருக்கு. எலக்ட்ரீஷியன் புதுக் குழி வெட்டணும்ங்கிறார்.

உஸ் மட்டும் அப்படியே இருக்கு. துளைதான்னு முடிவு பண்ணியாச்சு. பெட்டி 9700எக்ஸ், நடுத்தர ஏர் கூலர், லைட் இல்லாம. சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரை. கொத்தனார் வெள்ளிக்கிழமை வரார். அத்தை கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அன்னிக்குத் தூசி பறக்குமே, வீணையை யார் வீட்டுல கொண்டுபோய் வைக்கப் போறே?"